பீரங்கி மூக்கில், எதிரி முதுகில்: ட்விஸ்டெட் மெட்டல் 2-ஆ, விஜிலான்ட்டி 8-ஆ?

கார்ச் சண்டை கேம்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு சிக்கல்தான் இருக்கிறது. ஆள் நடந்து சுடும் கேமில் சத்தம் வந்த பக்கம் சட்டென்று திரும்பிவிடலாம். வண்டியில் அது நடக்காது. பீரங்கி மூக்கில் இருக்கிறது, எதிரியோ பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறான். திரும்ப இடம் வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும். அதற்குள் முதுகில் மூன்று ஏவுகணை விழுந்திருக்கும். இதை ஒரு கேம் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தாலே அதன் குணம் தெரிந்துவிடும். முதல் பிளேஸ்டேஷனில் இதற்கு இரண்டு நல்ல விடைகள் வந்தன: 1996-இல் ட்விஸ்டெட் மெட்டல் 2, 1998-இல் விஜிலான்ட்டி 8. இரண்டையும் தம்பியோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் ஆடியவன் என்பதால் இந்த அலசலை எழுதுகிறேன்.

ட்விஸ்டெட் மெட்டலை உருவாக்கிய சிங்கிள்டிராக் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் இருந்த நிறுவனம். அங்கிருந்தவர்களில் பலர் அதற்கு முன்பு எவன்ஸ் அண்ட் சதர்லாண்டில் விமானப் பயிற்சிக்கான சிமுலேட்டர்கள் செய்தவர்கள். நிஜ விமானம் போலவே நடந்துகொள்ளும் இயந்திரத்தைச் செய்து பழகிய கைகள், கார் என்று வந்ததும் நிஜத்தைத் துணிந்து தூக்கிப் போட்டன. இரண்டாம் பாகத்தில் வண்டிகள் நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி திரும்பும். கூர்மையாகத் திரும்புவதற்கென்றே தனி பட்டன் உண்டு. அதை அழுத்தினால் பின்னால் வந்தவன் அடுத்த நொடி உங்கள் மூக்குக்கு நேராக இருப்பான்.

அதோடு, திசை பட்டன்களை வரிசையாகத் தட்டி வரவழைக்கும் சக்திகளும் உண்டு. இடது, வலது, மேல் என்று தட்டினால் உறைய வைக்கும் குண்டு கிளம்பும். மேல், மேல், இடது என்றால் வண்டி துள்ளும். இவை எல்லாமே ஒரே சக்திப் பட்டையிலிருந்து செலவாகின்றன, அந்தப் பட்டையோ மெதுவாகத்தான் நிரம்பும். இந்தக் கேமின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உறைகுண்டு தவறினால், அடுத்த சில நொடிகளுக்குத் துள்ளித் தப்பிக்கவும் வழியில்லை. தம்பி என்னோடு ஆடும்போது திரையின் தன் பாதியைப் பார்ப்பதைவிட என் கட்டைவிரலைத்தான் அதிகம் பார்ப்பான். இடது, வலது என்று விரல் அசைந்ததுமே வண்டியை ஒடித்து விலக்கிவிடுவான். அதனால் பாதியில் நிறுத்திப் பொய்காட்டக் கற்றுக்கொண்டேன். சண்டை கேம்களில் வரும் மனப்போர் ஒரு ஐஸ்கிரீம் வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே நடக்கிறது என்றால் அது இந்தக் கேமில்தான்.

விஜிலான்ட்டி 8 இதற்கு நேர் எதிர். ஆக்டிவிஷன் வெளியிட்டது, லக்ஸோஃப்ளக்ஸ் செய்தது. 1997-இல் கணினிக்கு வந்த இன்டர்ஸ்டேட் '76 என்ற கார்ச் சண்டை கேமின் கிளை என்று சொல்லலாம். இதில் வண்டிக்கு எடை உண்டு. சஸ்பென்ஷன் அமுங்கி எழுவது கண்ணுக்குத் தெரியும். மண் பாதையில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். மோலோ என்ற பாத்திரத்தின் பள்ளிப் பேருந்தை எடுத்துக்கொண்டு ஒருமுறை மேட்டில் வேகமாகத் திருப்பிப் பாருங்கள், பேருந்தின் உடம்பு முழுதும் ஒருபக்கம் சாய்ந்து, ஒரு கணம் தயங்கி, பிறகுதான் நிமிரும். இங்கே பின்னால் வருபவனைத் திரும்பி எதிர்கொள்ள முடியாது, அவன் எந்தப் பக்கம் வருவான் என்று முன்கூட்டியே கணித்துத்தான் ஓட்ட வேண்டும். கண்ணிவெடியை எங்கே விட்டுப்போவது, எந்தக் கட்டிடத்தைச் சுற்றி வளைப்பது என்று யோசித்தபடியே ஓட்டுவதுதான் ஆட்டம்.

ஆயுத ஏற்பாடும் அப்படியே. எந்த வண்டியும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொது ஆயுதங்கள் ஐந்து: கண்ணிவெடி, பீரங்கி, மோர்ட்டார், ராக்கெட், தேடிப்போகும் ஏவுகணை. அதற்கு மேல் ஒவ்வொரு வண்டிக்கும் சொந்தமாக ஒன்று. பொது ஆயுதங்களுக்கும் திசை பட்டன் வரிசைகள் உண்டு, சரியாகத் தட்டினால் அதே ஆயுதம் வேறு மாதிரி வெடிக்கும். ஆனால் குண்டு கூடுதலாகச் செலவாகும். ட்விஸ்டெட் மெட்டலில் செலவழித்த சக்தி தானாகத் திரும்பி வரும், இங்கே போனது போனதுதான். அதனால் விஜிலான்ட்டி 8 ஆடுபவர் கொஞ்சம் கருமியாக இருப்பார், இருக்கவும் வேண்டும்.

கதையில் எனக்கு விஜிலான்ட்டி 8-தான் பிடிக்கும். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் சுமார் 3 டாலரிலிருந்து சில மாதங்களில் ஏறக்குறைய 12 டாலரானது. அந்த நெருக்கடி தீராமல் நீண்டு, நாடே சட்டம் ஒழுங்கு இழந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கற்பனைதான் இந்தக் கேம். ஊரைக் காக்க நிற்கும் விஜிலான்ட்டிகள் ஒருபக்கம், எண்ணெய் முதலாளிகளின் கூலிப்படையான கயோட்டிகள் மறுபக்கம். களங்களும் அமெரிக்க மேற்குப் பகுதியிலேயே இருக்கின்றன: ஹூவர் அணை, சூதாட்ட நகரம், எண்ணெய் வயல், பண்ணை. ஒரு தரப்பு காக்க வேண்டிய கட்டிடத்தை மறுதரப்பு தகர்க்க வேண்டும் என்பதால் சண்டைக்கு ஒரு காரணம் இருக்கிறது.

ட்விஸ்டெட் மெட்டல் 2-இல் காலிப்ஸோ என்பவன் போட்டி நடத்துகிறான். வென்றவர் கேட்ட வரத்தைக் கொடுப்பான், கேட்ட சொற்களையே வளைத்து அவர்களுக்கு எதிராகத் திருப்பிவிடுவான். வரம் வாங்கிய அசுரன் அதே வரத்தால் அழியும் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது உடனே புரிந்துவிடும். இரண்டு ராட்சதச் சக்கரங்களுக்கு நடுவே கைகள் பிணைக்கப்பட்ட ஆக்ஸல் என்ற மனிதனின் உருவம் மட்டும் போதும், அந்த உலகம் எப்படிப்பட்டது என்று சொல்ல.

ஆனால் களம் என்று வந்தால் ட்விஸ்டெட் மெட்டல் 2-ஐ எதுவும் நெருங்கவில்லை. மாஸ்கோ ஒரு சின்ன வட்டக் கிண்ணம், ஒளிய இடமே கிடையாது. அதற்கு அடுத்த களம் பாரிஸ். அங்கே ஈஃபில் கோபுரத்தை வெடிவைத்துச் சாய்க்கலாம், சாய்ந்த கோபுரமே கூரைகளுக்கு ஏறிப்போகும் பாதையாகிவிடும். முதன்முதலில் அது சரிந்தபோது நாங்கள் இருவரும் சண்டையை மறந்து அப்படியே நின்றுவிட்டோம். அன்டார்டிகாவில் நேரம் போகப்போகப் பனித்தளம் துண்டு துண்டாக உடைந்து விழும், இடம் சுருங்கச் சுருங்கச் சண்டை இறுகும். ஆட்டக்களமே ஆட்டத்தின் விதியை மாற்றுகிறது. விஜிலான்ட்டி 8-இலும் கட்டிடங்கள் இடியும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் இடிந்த பிறகு நீங்கள் ஓட்டும் விதம் பெரிதாக மாறுவதில்லை.

எத்தனை பேர் ஆடப்போகிறீர்கள் என்பதும் முக்கியம். பிளேஸ்டேஷனில் இரண்டுமே இருவருக்குத்தான். நால்வர் என்றால் நின்டெண்டோ 64-க்கு வந்த விஜிலான்ட்டி 8-தான். நான்கு துண்டுத் திரையில் அந்தப் பேருந்து இன்னும் பெரிதாகத் தெரியும். இருவர் ஒரே அணியாகச் சேர்ந்து போட்டி முழுவதையும் முடிக்க வேண்டும் என்றால் ட்விஸ்டெட் மெட்டல் 2. எங்கள் வீட்டில் சண்டை போடாமல் இரண்டு மணி நேரம் கழிந்த ஒரே வழி அதுதான்.

பின்னால் வந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். 2001-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ட்விஸ்டெட் மெட்டல்: பிளாக் வேகத்தில் சிறந்தது, ஆனால் கதை முழுக்க இருட்டு, சிறுவர்களோடு உட்கார்ந்து ஆட முடியாது. 1999-இல் வந்த விஜிலான்ட்டி 8: செகண்ட் அஃபென்ஸில் வண்டி மிதக்கும், பனியில் சறுக்கும். எடையை உணர்ந்து ஓட்டுவதுதான் முதல் பாகத்தின் ருசி. தரையைத் தொடாத வண்டியில் அது குறைந்துவிட்டது என்பது என் எண்ணம். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்த டிஸ்ட்ரக்ஷன் ஆல்ஸ்டார்ஸ் இந்தச் சிக்கலையே வேறு பக்கம் திருப்பியது. பீரங்கியை எடுத்துவிட்டு மோதலையே ஆயுதமாக்கியது, வண்டி நொறுங்கினால் இறங்கி ஓடவும் விட்டது. நல்ல யோசனைதான், ஆனால் ஓடும் நேரத்தில் சண்டையின் சூடு ஆறிவிடுகிறது.

இன்று ஒன்றை மட்டும் தொடங்கப்போகிறீர்கள் என்றால், கூட ஆட ஒருவர் இருக்கும்போது ட்விஸ்டெட் மெட்டல் 2. 2023 ஜூலையில் அது பிளேஸ்டேஷன் பிளஸின் பழைய கேம்கள் வரிசைக்கு வந்தது. இந்தியாவில் அந்த வரிசைக்கு டீலக்ஸ் சந்தா வேண்டும். தனியாக ஆடுபவர், பழைய கருவியும் வட்டும் கையில் இருப்பவர் விஜிலான்ட்டி 8-ஐ எடுக்கலாம். அங்கே முதல் நாள் சுடவே வேண்டாம், பேருந்தை எண்ணெய் வயலில் வழுக்காமல் ஓட்டப் பழகுங்கள். ட்விஸ்டெட் மெட்டல் 2-இல் முதல் நாள் மாஸ்கோவைப் போட்டு, வேகத்திலும் கவசத்திலும் நடுத்தரமான ரோட்கில் என்ற வண்டியை எடுத்து, இடது, வலது, மேல். விரல் கண்ணைக் கேட்காமல் தானாகத் தட்டும் வரை.