பழைய பிக்கப்பில் ரிவர்ஸ் கேமரா: மூணு இடம் மாத்திப் பார்த்தாச்சு

மச்சினன் மகன் போன வாரம் ஒரு செகண்ட் ஹேண்ட் பிக்கப் எடுத்தான். மறுநாளே போன். "மாமா, உங்க வண்டியில கேமரா எங்க போட்டிருக்கீங்க?"

அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்னைக்குக் காலையில்தான் திரை மறுபடி நீலமாகி, பட்டறையில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்துட்டு வந்திருந்தேன். ஒயர் ஜாயின்ட்டுக்குள் தண்ணி.

என்னுது 2011 மாடல் பொலிரோ பிக்கப். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய், கொப்பரை, சில நாள் மட்டை. முதல் தடவை எலக்ட்ரீசியன் பையன் ஒரே பிடியா நின்னான்: "பின் டோர்ல போட்டாத்தானுங்ண்ணா அழகு." அவனையும் குறை சொல்ல முடியாது. இப்போ வர்ற சொகுசு பிக்கப்புகளில் டோர் கைப்பிடியை ஒட்டியே கேமரா பதிச்சு வருது. அமெரிக்காவில் 2018 மே முதல் புது பிக்கப்புகளுக்கும் கேமரா கட்டாயம். ஆனா அந்த வண்டிக்காரர் டோரை எப்பவாவது திறப்பார். நான் ஒரு நாளைக்கு இருபது தடவை திறக்கிறேன். பைப் ஏத்தினா டோரைப் படுக்கையாச் சாய்ச்சுச் சங்கிலியில் நிறுத்தித்தான் ஓட்டணும். அப்போ கேமரா தரையைப் பார்க்கும். திரையில் தார் ரோடு மட்டும் ஓடும்.

எட்டு மாசத்தில் படம் விட்டு விட்டு வந்து, ஒருநாள் நின்னே போச்சு. கீல் கிட்ட ஒயர் மடங்குற இடத்தைப் பையன் நகத்தால் அழுத்திப் பார்த்தான். வெளித்தோல் புதுசு மாதிரி இருக்கு. பிளேடால் கீறினா, உள்ளே செம்பு அறுந்து பச்சை பூத்துக் கிடக்கு. நாலு இன்ச் நீளத்தில் மூணு இடத்தில்.

அடுத்து கேபினுக்குப் பின்னால், உச்சியில். காலி வண்டியில் அருமை. லோடு ஏத்தினா தேங்காய் மட்டும் தெரியும். இந்த யோசனை என்னுடையதுதான், அதனால் இதைப் பத்தி இதோட விட்டுடறேன்.

மூணாவது, நம்பர் பிளேட்டுக்கும் கீழே, பின்னாடி குறுக்கே வர்ற இரும்புக் குழாயில் ஒரு தகடு வளைச்சு வெல்டிங் வெச்சு உட்கார வெச்சோம். டோரை முழுசாத் தொங்க விட்டா நம்பர் பிளேட்டை மூடிடும், ஆனா கேமராவுக்கு மறைப்பு இல்லை. ரெண்டு வருஷமா அங்கேதான் இருக்கு. கோணத்தைப் பாதி லோடு இருக்கும்போது வைங்க. முழு லோடில் பின் ஸ்பிரிங் பட்டை அமுங்கினா கேமரா மண்ணைப் பார்க்கும், காலியில் வானத்தைப் பார்க்கும்.

இனி என் வயித்தெரிச்சல். சேறு. தோப்புக்குள் ஒரு தடவை போய் வந்தா கண்ணு குருடு. மழைக்காலத்தில் தோள் துண்டு லென்ஸ் துடைக்கிற துணியாவே ஆயிடுச்சு. வீட்டில் அந்தத் துண்டை யாரும் தொடுறதில்லை. ரிவர்ஸ் எடுக்குறதுக்கு முன்னால் இறங்கிப் போய்த் துடைக்கணும்னா, அப்படியே ஒரு பார்வை பார்த்துட்டு வந்தா போதாதா? இதுக்குக் கேமரா எதுக்கு?

தூரம் காட்டத் திரையில் வர்ற பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளும் பொய். அது ஏதோ காரோட உயரத்துக்கு வரைஞ்சது. சிவப்பில் ஒரு அடி மிச்சம்னு நம்பிக் களத்துத் திண்ணையை இடிச்சேன். கேமரா ஒயரில் சின்னதா ஒரு வளையம் இருக்கும். அதை வெட்டினா கோடு போயிடும். வெட்டிட்டேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். போன சித்திரையில் கொப்பரைக் களத்தில் ரிவர்ஸ் போட்டேன். திரையில், வண்டியின் பின்பக்கத்தை ஒட்டி, ரெண்டு காது. குட்டி நாய், நிழலுக்குப் படுத்திருக்கு. கண்ணாடியிலும் தெரியாது, பாடியைத் தட்டி "வா வா"ங்கிற கிளீனர் பையனுக்கும் தெரியாது. தரைக்குக் கிட்ட இருந்ததால்தான் கேமராவுக்குத் தெரிஞ்சது. ஹாரன் அடிச்சும் எந்திரிக்கலை. இறங்கித் தூக்கி அந்தப் பக்கம் விட்டேன்.

மாப்பிள்ளைகிட்ட என்ன சொன்னேன்? "வாங்காதடா, தண்டச் செலவு"ன்னேன். அவன் ஏற்கெனவே வாங்கிட்டானாம். ஞாயித்துக்கிழமை வண்டியைக் கொண்டு வரச் சொல்லியிருக்கேன். பழைய தகடு ஒண்ணு கிடக்கு, வளைச்சுக்கலாம். டோரில் மட்டும் ஓட்டை போட்டுட்டு வந்துடாதேன்னேன்.