புகளூரில் சந்திக்கும் இரண்டு டி.சி.: எல்.சி.சி.யா, வி.எஸ்.சி.யா?

எச்.வி.டி.சி. என்பது உயர் வோல்டேஜ் டி.சி.யாக மின்சாரத்தைக் கொண்டுபோகும் முறை. அதில் ஏ.சி.யை டி.சி.யாகவும் டி.சி.யை ஏ.சி.யாகவும் மாற்றும் கன்வர்ட்டர்களில் எல்.சி.சி. (லைன் கம்யூட்டேட்டட் கன்வர்ட்டர்), வி.எஸ்.சி. (வோல்டேஜ் சோர்ஸ் கன்வர்ட்டர்) என்று இரண்டு வகை. இந்தப் பேச்சு வந்தால் பவர் இன்ஜினியர்களிடம் இரண்டு பதில்தான் கிடைக்கும். "எல்.சி.சி. போன தலைமுறை, இனி எல்லாம் வி.எஸ்.சி.தான்" என்பார் ஒருவர். "ஆயிரக்கணக்கான மெகாவாட்டை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோக எல்.சி.சி.யை விட்டால் வேறு ஆளில்லை, லாஸைப் பாருங்கள்" என்பார் இன்னொருவர். இரண்டையும் ஒரே ஊரில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரில் கிளம்பி 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் ±800 கிலோவோல்ட், 6000 மெகாவாட் எல்.சி.சி. தடம் புகளூரில் முடிகிறது. அதே புகளூரில் இருந்துதான் திருச்சூருக்குப் போகும் ±320 கிலோவோல்ட், 2000 மெகாவாட் வி.எஸ்.சி. தடம் தொடங்குகிறது. இந்தியாவின் முதல் வி.எஸ்.சி. தடம் அது. இரண்டையும் அமைத்தது மத்திய அரசின் மின்கடத்தல் நிறுவனமான பவர்கிரிட், இரண்டும் 2020-21 வாக்கில் ஓட ஆரம்பித்தவை. ஒரே காலம், ஒரே உரிமையாளர், ஆனாலும் இரண்டு தொழில்நுட்பம். அதற்குக் காரணம் இருக்கிறது.

எல்.சி.சி.யின் உயிர் தைரிஸ்டர் என்ற மின்னணு ஸ்விட்ச். அதை நாம் ஆன் செய்யலாம், ஆஃப் செய்ய முடியாது. அதை ஆஃப் ஆக்குவது ஏ.சி. கிரிட்டின் வோல்டேஜ்தான். வி.எஸ்.சி.யில் இருக்கும் ஐ.ஜி.பி.டி. என்ற ஸ்விட்சை நாமே ஆன் செய்து நாமே ஆஃப் செய்யலாம். மற்ற வித்தியாசங்களில் முக்கால்வாசி இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன, அதனால் இதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

முதலில் கம்யூட்டேஷன் ஃபெயிலியர், அதாவது கரண்ட் ஒரு வால்விலிருந்து (தைரிஸ்டர் அடுக்கிலிருந்து) அடுத்ததற்கு மாறத் தவறுவது. மின்சாரம் வந்து சேரும் முனைக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு 400 கிலோவோல்ட் லைனில் ஃபால்ட் வந்து ஏ.சி. வோல்டேஜ் சட்டென்று இறங்குகிறது என்று வையுங்கள். ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்கு மாற வேண்டிய கரண்ட் நேரத்துக்குள் மாறாது, ஆஃப் ஆகியிருக்க வேண்டிய வால்வ் தொடர்ந்து கடத்தும், டி.சி. பக்கம் ஷார்ட் ஆனது போல ஆகி, தடத்தில் வரும் பவர் சில நூறு மில்லிசெகண்டுக்கு ஏறக்குறைய பூஜ்யமாகிவிடும். பெரும்பாலும் தானே மீண்டு வந்துவிடும், அதனால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. ஆனால் ±800 கிலோவோல்ட்டில் 6000 மெகாவாட் என்றால் 3750 ஆம்பியர், அது ஒரே இடத்தில் வந்து இறங்குகிறது. அது கண நேரம் காணாமல் போனால் சுற்றியிருக்கும் ஜெனரேட்டர்கள்தான் தாங்க வேண்டும். அனல் மின் நிலையங்கள் நிறைய ஓடிக்கொண்டிருந்தால் தாங்கும். காற்றாலையும் சோலாரும் நிறைந்த மதிய நேரத்தில், சுழலும் இயந்திரங்கள் குறைவாக இருக்கும்போது, அதே ஃபால்ட் வேறு மாதிரி போகும். அதனால்தான் எல்.சி.சி. வந்து இறங்கும் கிரிட் வலுவாக இருக்க வேண்டும் என்று ஷார்ட் சர்க்யூட் ரேஷியோவை (தடத்தின் அளவோடு ஒப்பிட்டால் கிரிட் எவ்வளவு வலு என்று சொல்லும் எண்) பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வி.எஸ்.சி.க்கு இந்த நோயே இல்லை.

அடுத்தது ரியாக்டிவ் பவர், அதாவது நேரடியாக வேலை செய்யாமல் ஏ.சி.யில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு வோல்டேஜைத் தாங்கும் பவர்; அதன் அலகு மெகாவார். எல்.சி.சி. தான் கடத்தும் மெகாவாட்டில் ஏறக்குறைய பாதி அளவுக்கு ரியாக்டிவ் பவரை விழுங்கும். 6000 மெகாவாட்டுக்கு 3000 மெகாவார் பக்கம் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். இதற்காகவும், 11ஆவது, 13ஆவது ஹார்மோனிக்குகளை (கிரிட் அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் அலைக் கசடுகளை) வடிகட்டவும் ஏ.சி. யார்டில் ஃபில்டர் பேங்க், கெபாசிட்டர் பேங்க் என்று வரிசை வரிசையாக நிற்கும். எல்.சி.சி. நிலையம் ஒன்றின் படத்தைப் பார்த்தால் வால்வ் ஹாலை விட இந்த யார்டுதான் பெரிதாகத் தெரியும். வி.எஸ்.சி. ரியாக்டிவ் பவரைத் தனக்கு வேண்டியபடி கொடுக்கவும் செய்யும், எடுக்கவும் செய்யும், அதுவும் மெகாவாட்டைத் தொடாமல். புகளூர்-திருச்சூர் தடத்துக்கு வழக்கமான எச்.வி.டி.சி.யை விட 35 முதல் 40 சதவீதம் நிலம் குறைவு என்று சொல்லப்பட்டதற்கு இது பெரிய காரணம்.

சரி, லாஸ், அதாவது கன்வர்ட்டர் நிலையத்தில் வீணாகும் மின்சாரம். எல்.சி.சி.க்கு நிலையம் ஒன்றுக்கு 0.7 சதவீதம் ஒட்டி, இன்றைய வி.எஸ்.சி.க்கு 1 சதவீதம் ஒட்டி. வி.எஸ்.சி. வந்த புதிதில், 1990களின் கடைசியில், வோல்டேஜை இரண்டே படிகளில் மாற்றும் டூ-லெவல் கன்வர்ட்டர்களில் இது 3 சதவீதம் பக்கம் இருந்தது, சிலர் இன்னும் அந்த எண்ணையே மனதில் வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். 2010இல் சான் பிரான்சிஸ்கோ கடலடித் தடத்தில் வோல்டேஜைச் சிறு சிறு படிகளாக அடுக்கும் மாடுலர் மல்ட்டிலெவல் கன்வர்ட்டர் வந்த பிறகு அந்தக் கதை முடிந்தது. இருந்தாலும் மிச்சமிருக்கும் வித்தியாசம் சும்மா தள்ளிவிடக் கூடியது இல்லை. நிலையத்துக்குக் கால் சதவீதம் என்றே வைத்தாலும் 6000 மெகாவாட்டில் இரு முனைக்கும் சேர்த்து 30 மெகாவாட், முழுச் சுமையில் வருடம் முழுக்க ஓடினால் 26 கோடி யூனிட். ராய்கர் தடத்தை எல்.சி.சி.யில் போட்டது சரியான முடிவு என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், இதைவிடப் பெரியது, ஓவர்ஹெட் லைன். அவ்வளவு நீளத்தில் இடி விழும், மரம் உரசும், இன்சுலேட்டர் அழுக்காகும். டி.சி. லைனில் ஃபால்ட் வந்தால் எல்.சி.சி. ஃபயரிங் ஆங்கிளை (தைரிஸ்டரை ஆன் செய்யும் கணத்தை) தள்ளி கரண்டைத் தானே அணைத்துவிட்டு உடனே மறுபடி கிளம்பிவிடும். பரவலாகப் பயன்படும், ஸ்விட்சுகள் குறைவான ஹாஃப்-பிரிட்ஜ் வி.எஸ்.சி.யால் அது முடியாது, டையோடுகள் வழியாக ஏ.சி. பக்கமிருந்து கரண்ட் பாய்ந்துகொண்டே இருக்கும், ஏ.சி. பிரேக்கரைத் திறந்துதான் நிறுத்த வேண்டும். ஃபுல்-பிரிட்ஜ் போட்டால் தீரும், ஆனால் செலவும் லாஸும் ஏறும்.

கேபிள் விஷயத்தில் நிலைமை தலைகீழ். எல்.சி.சி.யில் பவரின் திசையை மாற்ற வோல்டேஜின் துருவத்தையே புரட்ட வேண்டும், எக்ஸ்.எல்.பி.இ. (பிளாஸ்டிக் இன்சுலேஷன்) கேபிளுக்கு அது ஆகாது. வி.எஸ்.சி.யில் கரண்டின் திசை மட்டும் மாறும், அதனால் எக்ஸ்.எல்.பி.இ.யைத் தாராளமாகப் போடலாம். கேரளத்தில் டவர் நிறுத்த நிலம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்ததுதான். திருச்சூர் பக்கம் சுமார் 30 கிலோமீட்டர் தடம் நிலத்துக்கடியில் போனது வி.எஸ்.சி. இருந்ததால்தான்.

இதைப் பார்த்துத்தான் கொங்குப் பகுதி விவசாயிகள், அங்கே புதைக்கிறீர்கள், எங்கள் தோட்டத்தில் மட்டும் ஏன் டவர், சாலையோரம் கேபிளாகக் கொண்டுபோங்கள் என்று போராடினார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு இன்ஜினியர்கள் கொடுக்க வேண்டிய பதில் "டெக்னிக்கலாக முடியாது" என்ற ஒற்றை வரி இல்லை. ±800 கிலோவோல்ட் எல்.சி.சி. தடத்தை அப்படியே எக்ஸ்.எல்.பி.இ. கேபிளில் இறக்க முடியாது என்பது உண்மை. அதே 6000 மெகாவாட்டை திருச்சூர் மாதிரி ஆயிரம் மெகாவாட்டுக்கு ஒரு ஜோடி கேபிளாகப் பிரித்தால் 12 கேபிள் புதைக்க வேண்டும். ±525 கிலோவோல்ட்டில் சில கேபிள்களே போதும், ஜெர்மனியில் சூட்லிங்க் தடத்தை மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு அப்படித்தான் 700 கிலோமீட்டர் அளவுக்கு நிலத்தடியில் அமைக்கிறார்கள். ஆக, முடியும், ஆனால் செலவு பல மடங்கு, அதை யார் கட்டுவது என்பதே கேள்வி. இதை விவரமாக மக்கள் முன்னால் வைப்பது நம் தொழிலின் கடமை.

இரண்டையும் கலந்தால் என்ன என்றால், சீனா செய்துவிட்டது. 2020 கடைசியில் ஓடத் தொடங்கிய வூடோங்டே திட்டத்தில் அனுப்பும் முனை எல்.சி.சி., வாங்கும் இரண்டு முனைகளும் வி.எஸ்.சி., ±800 கிலோவோல்ட், 8000 மெகாவாட். ஏற்கெனவே பல எல்.சி.சி. தடங்கள் வந்து இறங்கும் குவாங்டோங் மாகாணத்தில் இன்னொரு எல்.சி.சி.யையும் இறக்கினால் ஒரே ஃபால்ட்டில் எல்லாம் சேர்ந்து தடுமாறும் ஆபத்து இருந்தது. தென்னிந்தியாவுக்கு அடுத்த பெரிய தடம் எப்போது வந்தாலும் வாங்கும் முனை இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. காற்றாலைக் காலத்தில் இங்கிருந்து வடக்கே அனுப்ப வேண்டியும் வரும், அப்போது வலுவில்லாத கிரிட்டிலும் நிலையாக நிற்கும் கன்வர்ட்டர் நம் பக்கம் இருப்பது நல்லது.

இந்திய-இலங்கைத் தடத்தில் எனக்கு யோசனையே இல்லை, வி.எஸ்.சி.தான். பல வருடப் பேச்சுக்குப் பிறகு 2025 ஏப்ரலில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையின் உச்சத் தேவை 3000 மெகாவாட்டை ஒட்டித்தான், அதில் 500 மெகாவாட் ஒரே தடத்தில் வந்தால் ஆறில் ஒரு பங்கு. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, சோலார் அதிகமும் தேவை குறைவுமாக இருந்த நேரத்தில் பாணந்துறை துணை மின்நிலையத்தில் வந்த ஒரு ஃபால்ட் தீவு முழுவதையும் இருட்டாக்கியது. அப்படி இருண்டு கிடக்கும் கிரிட்டில் எல்.சி.சி. கிளம்பவே கிளம்பாது, அதற்கு ஏ.சி. வோல்டேஜ் முதலில் வேண்டும். வி.எஸ்.சி. மறுகரையில் இருந்து மின்சாரம் எடுத்து அந்தப் பக்கம் வோல்டேஜைத் தானே உருவாக்கிக் கொடுக்கும். அந்தத் தடத்துக்கு ஒப்பீட்டு அட்டவணை போடுகிறவர்கள் லாஸ் சதவீதத்துக்கு மேலே, முதல் வரிசையில், பிளாக் ஸ்டார்ட்டை, அதாவது இருண்ட கிரிட்டை உயிர்ப்பிக்கும் திறனை, எழுத வேண்டும்.