பின்னல் நூல் கண்காட்சி: அரங்குகளா, வகுப்பா?

பின்னலைப் பொழுதுபோக்காகக் கொண்டவருக்கு நூல் கண்காட்சியில் ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால், அரங்குகளைச் சுற்றுவதா, பயிற்சி வகுப்பில் உட்காருவதா?

அரங்குகளின் பலம், தொட்டுப் பார்க்கலாம் என்பது. மெரினோ செம்மறிக் கம்பளியின் துள்ளலையும், தென் அமெரிக்க விலங்கான அல்பாக்காவின் கம்பளியின் தொய்வையும் விரல்தான் சொல்லும். ஆனால் கையால் சாயமிட்ட நூலில், ஒரே தொகுதியாகச் சாயமிட்ட சிட்டங்கள்கூட (நூல் கட்டுகள்) நிறத்தில் சற்று மாறும். 100 கிராம் எடையுள்ள மெல்லிய நூல் சிட்டம் ஏறக்குறைய 400 மீட்டர் வரும். ஒரு ஜோடி காலுறைக்குப் போதும், பெரியவர் ஸ்வெட்டருக்குப் போதாது. அழகில் மயங்கி ஒற்றைச் சிட்டங்களாக வாங்கினால் (யார்தான் மயங்குவதில்லை!) அலமாரிதான் நிறையும்.

தக்ளியில் (கையால் சுழற்றி நூற்கும் சிறு கதிரில்) நூற்கக் கற்பவருக்கு வகுப்பே மேல். விரல்களின் இழுப்பை அருகிலிருந்து ஒருவர் திருத்துவதற்கு ஈடில்லை. தெரிந்த பின்னலுக்கு வகுப்பு வீண். ஸ்வெட்டர் திட்டம் கையில் இருந்தால் அரங்குகளுக்கே போகலாம், அதுவும் காலையிலேயே, ஒரே சாயத்தொகுதி தீர்வதற்குள்.