வீடு பார்க்கப் போகும்போது கிம்பல் தேவையா?

வாடகைக்கு வீடு தேடி ஒரே நாளில் நாலு அபார்ட்மென்ட் பார்த்தால், எந்த பாத்ரூமில் சுவர் ஊறியிருந்தது என்று சாயங்காலமே குழம்பிவிடுகிறது, அதனால்தான் ஒவ்வொரு வீட்டையும் வீடியோ எடுத்து வைக்க, மடக்கி வைக்கிற போன் கிம்பல் (கை ஆடினாலும் போனை ஆடாமல் பிடிக்கிற கைப்பிடி) ஒன்று வாங்கினேன். நடந்துகொண்டே எடுத்தாலும் வீடியோ ஆடவே இல்லை, அருமை. ஆனால் சிங்க்குக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் எடுக்க இது இடைஞ்சல், அங்கே வெறும் கைதான் சரி. 0.5 வைட் லென்ஸை மட்டும் தொடாதீர்கள், அறை நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரியும். வீடியோ தரம் 1080பி தாராளமாகப் போதும்; ஐபோனில் நொடிக்கு 30 ஃபிரேமில், ஃபைலைச் சிறிதாக்கும் ஹை எஃபிஷியன்சி செட்டிங் வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி, 4கே என்றால் 170. அப்புறம், வீட்டில் ஆட்கள் குடியிருந்தால் கேட்டுவிட்டு, அவர்கள் முகமும் சாமானும் படாமல் எடுங்கள். குழாயைத் திறந்துவிட்டும் எடுத்தேன், தண்ணீர் எவ்வளவு மெதுவாக வருகிறது என்பது பிறகு அந்த வீடியோவில்தான் உறைத்தது.