ஒப்பீட்டு அட்டவணையைக் காட்டி மாற்று மாடலை விற்கிறார்கள்: கேம் கன்சோல் வாங்குவோர் கவனத்திற்கு

புதிதாகக் கேம் கன்சோல் வாங்க இருப்பவர்கள், விற்பனையாளர் காட்டும் ஒப்பீட்டு அட்டவணையில் எந்த எண் எந்த மாடலுக்கு உரியது என்பதைத் தயாரிப்பு நிறுவனத்தின் விவரக்குறிப்போடு சரிபார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். எனக்கு விற்றவர் அச்சிட்டு வைத்திருந்த தாளில் ஒரு பக்கம் ‘பிளேஸ்டேஷன் 5’ என்றும் மறுபக்கம் வெறுமனே ‘எக்ஸ்பாக்ஸ் சீரிஸ்’ என்றும் தலைப்பு இருந்தது. முதலாவதற்கு 10.28 டெராஃப்ளாப் (படத்தை உருவாக்கும் சிப் நொடிக்குச் செய்யக்கூடிய கணக்குகளின் அளவு), இரண்டாவதற்கு 12.15 டெராஃப்ளாப், இரண்டிலும் 16 ஜிபி நினைவகம் என்று அதில் இருந்தது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸில் எக்ஸ், எஸ் என இரண்டு மாடல்கள் உண்டு; எக்ஸ்பாக்ஸ் பக்கத்தில் இருந்த எண்கள் சீரிஸ் எக்ஸ் மாடலுக்குச் சரியானவை. ஆனால் எனக்குக் கொடுக்கப்பட்டதோ சீரிஸ் எஸ்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று வாங்கும்போதே கேட்டேன். உள்ளே இருக்கும் பிராசசர் ஒன்றுதான், பெட்டி சிறியது, டிஸ்க் டிரைவ் இல்லை, அவ்வளவுதான் என்று அவர் உறுதியாகச் சொன்னார். பொதுவான கணக்குகளைச் செய்யும் சிபியுவைப் பொறுத்தவரை இது ஏறக்குறைய உண்மை. இரண்டிலும் 8 கோர் கொண்ட, ஏஎம்டி நிறுவனத்தின் ஜென் 2 வகை சிபியுதான் இருக்கிறது. படத்தை உருவாக்கும் ஜிபியுவில்தான் பெரும் வேறுபாடு. சீரிஸ் எக்ஸில் 52 கம்ப்யூட் யூனிட்டுகள் (ஜிபியுவின் கணக்கிடும் பகுதிகள்) 1.825 கிகாஹெர்ட்ஸில் இயங்க, சீரிஸ் எஸ்ஸில் 20 மட்டுமே 1.565 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. யூனிட்டுகளின் எண்ணிக்கையை 128 ஆலும் பிறகு கிகாஹெர்ட்ஸ் அளவாலும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் டெராஃப்ளாப் கிடைத்துவிடும் என்பதால், இதை யாரும் தாமே சரிபார்க்கலாம்: சீரிஸ் எஸ்ஸுக்கு வருவது 4 மட்டுமே. நினைவகமும் 16 ஜிபி அல்ல, 10 ஜிபி. அதிலும் வேகமான பகுதி நொடிக்கு 224 ஜிபி அளவில்தான் தரவைக் கடத்துகிறது, சீரிஸ் எக்ஸில் அது 560. தயாரித்த நிறுவனம் இவை எதையும் மறைக்கவில்லை; சீரிஸ் எஸ், 4கே அளவைவிடக் குறைந்த 1440பி தெளிவுத்திறனுக்காகவும் சீரிஸ் எக்ஸ் 4கே தெளிவுத்திறனுக்காகவும் வடிவமைக்கப்பட்டவை என்று அதுவே சொல்கிறது. நான் கேட்டது 4கே டிவிக்கான கன்சோல் என்பது விற்றவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்த அட்டவணை வேறொன்றையும் விட்டுவிட்டது. டெராஃப்ளாப்பில் பின்தங்குவதாகத் தோன்றும் பிளேஸ்டேஷன் 5, எஸ்எஸ்டி எனப்படும் உள் சேமிப்பகத்தின் வேகத்தில் முந்துகிறது: சுருக்கப்படாத தரவை அது நொடிக்கு 5.5 ஜிபி படிக்க, சீரிஸ் எக்ஸ் 2.4 ஜிபிதான் படிக்கும். போட்டிக் கன்சோல்களை ஒரே எண்ணை வைத்து எடைபோடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சேமிப்பிடத்தில் நடந்தது இன்னும் மோசம். 512 ஜிபி என்று குறிக்கப்பட்ட கன்சோலில் கேம்களுக்குக் கிடைப்பது சுமார் 364 ஜிபி. போதுமா என்று கேட்டதற்கு, யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் சேர்த்து விற்று, எல்லாக் கேம்களும் அதிலிருந்தே ஓடும் என்றார். பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம்கள் ஓடும். சீரிஸ் கன்சோல்களுக்கென உருவாக்கப்பட்ட கேம்களை அதில் சேமித்து வைக்கலாமே தவிர, விளையாட வேண்டுமானால் உள் எஸ்எஸ்டிக்கோ கன்சோலுக்கென்றே விற்கப்படும் விரிவாக்க அட்டைக்கோ மாற்றியாக வேண்டும். பிளேஸ்டேஷன் 5 கேம்களும் யுஎஸ்பி டிஸ்க்கிலிருந்து ஓடாது. ஆனால் அதனுள் எம்.2 எனப்படும் சிறிய அட்டை வடிவ எஸ்எஸ்டி பொருத்த இடம் உண்டு.

திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, பெட்டியின் சீல் பிரிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லி மறுத்துவிட்டார். அட்டவணையின் நகலைக் கேட்டேன், தரவில்லை. ரசீதிலும் ‘எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்’ என்று மட்டுமே எழுதியிருந்ததால், எந்த மாடலுக்குப் பணம் கொடுத்தேன் என்பதை நிறுவ என்னிடம் ஆதாரம் இல்லாமல் போயிற்று. ஆகவே மாடலின் முழுப்பெயரையும் சேமிப்பளவையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள், காட்டப்படும் அட்டவணையை அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரும் ரசீதில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால் மட்டுமே சீலைப் பிரியுங்கள்.