மைலேஜ் கூட்டும் கருவி வாங்கப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோவை அவினாசி சாலைப் பக்கம் உள்ள ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில், காரின் மைலேஜைக் கூட்டித் தருவதாகச் சொல்லி 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாத கருவி ஒன்றை என் தலையில் கட்டிவிட்டார்கள். இதே வகைக் கருவி பல பெயர்களில் விற்பனையாவதால், அதை எப்படி நம்பவைத்து விற்கிறார்கள் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நகருக்குள் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துவந்த என் பெட்ரோல் கார், சில மாதங்களில் 12-க்கு இறங்கிவிட்டது. ஒர்க்‌ஷாப்காரர் பானெட்டைக்கூடத் திறந்து பார்க்காமல், "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் பண்ற வேலை சார், எந்த வண்டிக்கும் இதே கதைதான்" என்றார். எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பது உண்மையே. ஆனால் அது 20 சதவீதம் மட்டுமே கலக்கப்படுவதால், இழப்பு 6 அல்லது 7 சதவீதத்தை ஒட்டியே இருக்க வேண்டும். நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையும் பழைய கார்களுக்கு இந்த அளவைத்தான் சொல்கிறது. 16 என்பது 12 ஆனால் அது 25 சதவீத இழப்பு. அதற்கு வேறு காரணம் இருந்தாக வேண்டும்.

அடுத்து நடந்ததுதான் சாமர்த்தியமான வேலை. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள, வண்டியின் கோளாறுகளைக் கண்டறியும் கருவியைப் பொருத்துவதற்கான ஓபிடி சாக்கெட்டில் தீப்பெட்டி அளவுள்ள அந்தக் கருவியைச் செருகியதும் பச்சை விளக்கு மினுக்கியது. பிறகு மீட்டரில் சராசரி மைலேஜ் காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்கி, ஏசியை அணைத்துவிட்டு, நீலாம்பூர் பைபாஸில் மேல் கியரில் ஐம்பது, அறுபது வேகத்திலேயே பிரேக்கைத் தொடாமல் ஓட்டிக் காட்டினார். எண் 19-க்கு ஏறியது. கருவி இல்லாமல் ஓட்டியிருந்தாலும் அது ஏறியிருக்கும். ஏனெனில் பூஜ்யமாக்கிய பிறகு ஓடிய தூரத்துக்கு மட்டுமே அந்தச் சராசரி கணக்கிடப்படுகிறது, அந்தத் தூரத்திலோ சிக்னலில் நின்று எரித்த பெட்ரோலும் இல்லை, முதல் இரண்டு கியர்களில் இழுத்த இழுப்பும் இல்லை. (கம்பெனி விளம்பரத்தில் போடும் மைலேஜும் ஆய்வகத்தில் உருளைகளின் மேல் ஓட்டி எடுத்ததே தவிர, காந்திபுரம் நெரிசலில் எடுத்ததல்ல.) பலன் முழுதாகத் தெரிய 250 கிலோமீட்டர் ஓட வேண்டும், வண்டியின் கம்ப்யூட்டர் அதற்குள் பழகிக்கொள்ளும் என்றும் சொல்லி அனுப்பினார், புகாரைத் தள்ளிப்போட அது நல்ல ஏற்பாடு.

மீட்டரை ஒதுக்கிவிட்டு, ஒரே பெட்ரோல் பங்க்கில், ஒரே பம்பில், தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தை மறுமுறை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பார்த்தேன். அதே 12. எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த என் மைத்துனர் கருவியைப் பிரித்தார். ஓபிடி சாக்கெட்டின் பதினாறு பின்களில் 6-ஆவதும் 14-ஆவதும்தான் என்ஜின் கம்ப்யூட்டருடன் பேசும் கேன் இணைப்புக்கு உரியவை. இந்தக் கருவியில் அவை எதனோடும் இணைக்கப்படவில்லை. பேட்டரி மின்சாரம் வரும் பின்னிலிருந்து விளக்குகளுக்கு மட்டும் கம்பி போயிருந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதுபோல் எரிபொருள் மிச்சம் செய்வதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதித்து, மிகச் சிலவற்றில்தான் ஏதேனும் பலன் உண்டு, அதுவும் சொற்பம் என்று கண்டிருக்கிறது.

உண்மையான கோளாறை வேறொரு மெக்கானிக் வண்டியை ஓட்டி வந்து நிறுத்திய உடனேயே பிடித்துவிட்டார். முன்பக்க இடது ரிம் கையை வைக்க முடியாத அளவு கொதித்தது, வலது ரிம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றியபோது அது பாதிச் சுற்றுக்கூடப் போகாமல் நின்றது. பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் என்ற பாகம் நகர உதவும் பின் (ஊசி போன்ற கம்பி) துருப்பிடித்து இறுகி, பிரேக் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருந்தது. கதவோரச் ஸ்டிக்கரில் 33 என்று போட்டிருக்கும் டயர்களில் காற்று 25-தான் இருந்தது. பின்னைச் சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து, பேட் மாற்றி, காற்றையும் சரிசெய்த பிறகு வண்டி இப்போது 15-க்கு மேல் கொடுக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, எலெக்ட்ரிகல் சாமான் ரிட்டர்ன் கிடையாது என்று பதில் வந்தது. ஜிஎஸ்டி பில் கேட்டும் தராமல், எஸ்டிமேட் என்று அச்சிட்ட துண்டுச் சீட்டைத்தான் தந்தார்கள். அந்தச் சீட்டு, பணம் அனுப்பிய விவரம், பிரித்த கருவியின் படங்கள் ஆகியவற்றுடன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப் இதுவரை பதில் அளிக்கவில்லை.