குழந்தை பிறந்ததும் பி.டி.ஓ.வைக் கரைப்பதா, பிறகு வரும் காய்ச்சலுக்கு வைப்பதா?

டெக்சஸில் வேலை பார்க்கிறேன். இரண்டு குழந்தைகள் பிறந்தபோதும் ஆறு ஆறு வாரம் விடுப்பு எடுத்தேன். மூத்தவளுக்குக் கையிலிருந்த 15 நாள் பி.டி.ஓ.வையும் (சம்பளத்தோடு எடுக்கும் விடுப்பு) முதல் நாளிலிருந்தே கரைத்துவிட்டு, மிச்ச மூன்று வாரம் சம்பளமில்லாமல் இருந்தேன். இளையவனுக்கு 5 நாள் மட்டும் எடுத்துக்கொண்டு 10 நாளைத் தொடாமல் வைத்தேன். இரண்டாவது வழிக்குத்தான் என் ஓட்டு.

1993ஆம் ஆண்டின் எஃப்.எம்.எல்.ஏ. என்னும் அமெரிக்கக் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் தகுதியுள்ளவர்களுக்கு 12 வாரம் வேலையைக் காக்கும், சம்பளம் தராது. பி.டி.ஓ. அதோடு சேர்ந்தே ஓடும் என்பதால் அந்த 12 வாரமும் பி.டி.ஓ.வின் 3 வாரமும் சேர்ந்து 15 வாரம் ஆகிவிடாது. பி.டி.ஓ.வைத் தீர்க்கச் சொல்லி நிறுவனமே கட்டாயப்படுத்தவும் சட்டம் இடம் தருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை. என் அலுவலகம் எங்கள் விருப்பத்துக்கு விட்டது.

முன்கூட்டியே கரைப்பதில் உள்ள வசதி தெரிந்ததுதான்: சம்பளம் வரும், மருத்துவக் காப்பீட்டில் நம் பங்கும் அதிலேயே பிடிபடும். சம்பளமில்லாத வாரங்களில் அதை நாமே கட்ட வேண்டும். வளைகாப்புக்கு முன்பிருந்தே சேமித்திராவிட்டால் இளையவன் விஷயத்தில் நானும் துணிந்திருக்க மாட்டேன்.

என் மனத்தை மாற்றியது டேகேர். மகள் சேர்ந்த இடத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் உடனே போய்க் கூட்டிவர வேண்டும். மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். ஒரு காய்ச்சல் வந்தால் குறைந்தது ஒன்றரை நாள் போயிற்று. முதல் அழைப்பு ஒரு செவ்வாய்க்கிழமை பகல் 11 மணிக்குக் கூட்டத்தின் நடுவே வந்தது. போய்ப் பார்த்தால், மூக்கு ஒழுக, ஒரு காலில் மட்டும் காலுறையுடன் ஆசிரியையின் மடியில் உட்கார்ந்திருந்தாள். என் பி.டி.ஓ. இருப்போ பூஜ்யம்.

எஃப்.எம்.எல்.ஏ.வில் இன்னும் ஆறு வாரம் மீதி இருக்கிறதே என்று தெம்பாக எச்.ஆரிடம் போனேன். சாதாரணச் சளி, ஃப்ளூ, காது வலி எல்லாம், சிக்கலாக மாறினாலொழிய, சட்டம் சொல்லும் ‘கடும் நோய்’ ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். சட்டப்படி அது சரிதான். பிறந்த குழந்தையோடு இருக்க எஃப்.எம்.எல்.ஏ. போதும், சளி பிடித்த குழந்தையோடு இருக்கப் பி.டி.ஓ.தான் கைகொடுக்கும். அதை நான் இடம் மாற்றிச் செலவழித்திருந்தேன். அடுத்த இரண்டு மாதத்தில் எடுத்த நாட்களுக்கெல்லாம் சம்பளம் பிடித்தார்கள். மேலாளரின் முகமும் மாறியது.

ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் இரண்டு வழியிலும் பணம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆண்டு முடிவில் மிச்ச நாட்கள் காலாவதியாகும் அலுவலகமாக இருந்தால் மட்டும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்குறைப்புப் பயம் இருந்தால் கரைத்துவிடுவதே மேல். வேலை போகும்போது சேர்ந்த விடுமுறையைக் காசாக்கித் தர கலிஃபோர்னியா கட்டாயப்படுத்துகிறது. டெக்சஸில் நிறுவனத்தின் விதியில் இருந்தால்தான் உண்டு. நியூ ஜெர்சிபோல் மாநிலமே குடும்ப விடுப்புக் காப்பீட்டுப் பணம் தரும் இடங்களில் கணக்கே வேறு. அங்கே நான் வேலை பார்த்ததில்லை. ஊரில் இருக்கும் பெற்றோரின் கடும் நோய்க்கும் எஃப்.எம்.எல்.ஏ. விடுப்பு கிடைக்கும், மாமனார் மாமியாருக்குக் கிடைக்காது. அந்த வகையில் எனக்கு அனுபவம் இல்லை.

இளையவன் டேகேர் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. வைத்திருந்த 10 நாளில் இன்னும் 3 மிச்சம்.